உப்பும் கலமும் மின்புலமும்

டெங்கு பரவும் மாதங்களில் திருகோணமலையில் காய்ச்சலோடு வைத்தியசாலைக்குப் போகிறவர்களுக்கு முதலில் எழுதிக் கொடுக்கப்படுவது, எஃப்.பி.சி என்று எல்லோரும் சொல்லும் முழுக் குருதிக்கல எண்ணிக்கைப் பரிசோதனைதான். 2017 இன் தொடக்கத்தில் கிண்ணியாவில் டெங்கு கடுமையாகப் பரவியபோது, யாருக்குக் குருதிச் சிறுதட்டு எவ்வளவுக்கு இறங்கியது என்பதே வீட்டுக்கு வீடு பேச்சாக இருந்தது. அந்த எண்ணிக்கையை ஆய்வுகூட இயந்திரம் எப்படிப் பெறுகிறது என்று கேட்டவர்கள் மிகக் குறைவு. கேட்டிருந்தால், நம்முடைய கலங்கள் ஏற்கனவே ஒரு மின்புலத்தின் ஊடாகப் போய்வந்தவை என்பது தெரிந்திருக்கும்.

அந்த வழிமுறைக்கு 1953 இல் காப்புரிமை பெற்றவர் வோலஸ் கோல்ற்றர் என்ற அமெரிக்கர். உப்புநீரில் ஐதாக்கிய குருதியை, ஏறத்தாழ நூறு மைக்ரோமீற்றர் விட்டமோ அதனிலும் குறைவோ உடைய ஒரு துளையினூடாகப் பாயவிட்டு, துளையின் இருபுறமும் மின்வாய்களை வைத்துச் சிறிதளவு நேரோட்டத்தைச் செலுத்த வேண்டும். கலமென்சவ்வு மின்னைக் கடத்தாது. ஆகவே ஒரு கலம் துளைக்குள் நுழையும்போது, உப்புநீர் இருந்த இடத்தை ஒரு காவலி பிடித்துக்கொள்கிறது. தடை ஒரு கணம் உயர்கிறது. மின்வாய்களுக்கிடையேயுள்ள மின்னழுத்த வித்தியாசத்தில் ஒரு துடிப்புத் தோன்றுகிறது. துடிப்பின் உயரம் கலத்தின் கனவளவுக்கு விகிதசமமானது. செங்குருதிக் கலம் ஏறத்தாழ 90 பெம்டோலீற்றர், சிறுதட்டு ஏறத்தாழ 10 பெம்டோலீற்றர் என்பதால், உயர்ந்த துடிப்பு எது, குட்டைத் துடிப்பு எது என்று பிரித்து எண்ணுவதில் இயந்திரத்துக்குச் சிரமம் இல்லை.

அந்த இயந்திரம் கலத்தை எண்ணுகிறதேயொழியத் தொடுவதில்லை. அதே மின்புலத்தைக் கொண்டு, தலைமயிரின் பருமனே உள்ள கால்வாய்கள் பதித்த ஒரு கண்ணாடிச் சில்லினுள், கலத்தைப் பிடிக்கவும் தள்ளவும் சுழற்றவும் உயிருள்ளதை இறந்ததிலிருந்து பிரிக்கவும் முடியும். உயர்தரப் பௌதிகவியல் கற்பிப்பவன் என்ற முறையில் சில காலமாக இத்துறையை வாசித்தும், கையில் அகப்பட்ட பொருள்களைக் கொண்டு சிறு அளவில் செய்து பார்த்தும் வருகிறேன். இதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மின்வாய்களின் அழகிலும் இலத்திரனியலிலும் மயங்கி நிற்கிறார்கள். மின்புலம் பற்றுவது கலத்தை அல்ல, கலத்துக்கும் அதைச் சூழ்ந்த திரவத்துக்கும் உள்ள வேறுபாட்டையே என்பதும், ஆகவே வேலையின் பாதி திரவத்தில் இருக்கிறது என்பதும் என் கருத்து.

எளிய வழியிலிருந்து தொடங்கலாம். கலத்தின் மேற்பரப்பில் மறை ஏற்றம் இருப்பதால், நேரோட்ட மின்புலத்தில் அது நேர்மின்வாயை நோக்கி நகரும். ஆனால் ஏறக்குறைய எல்லாக் கலங்களுக்கும் மறை ஏற்றமே இருப்பதால் எல்லாம் ஒரே பக்கம்தான் போகும். போதாக்குறைக்கு, மின்வாய்களில் நீர் பகுக்கப்பட்டுக் குமிழிகள் எழும்; அமிலத்தன்மை மாறும்; நுண்ணிய கால்வாயில் ஒரு குமிழி போதும், பாய்ச்சல் நின்றுவிடும். ஏற்றத்தை நம்பிய வழி இங்கே அதிக தூரம் போகாது.

இதை வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவி, "அப்படியென்றால் சேர், ஏற்றத்தைப் பயன்படுத்தாமல் மின்புலம் எதைப் பிடித்து இழுக்கும்?" என்று கேட்டாள். கேட்க வேண்டிய கேள்வி அதுதான். மின்புலத்தில் வைக்கப்படும் எந்தப் பொருளும் முனைவாக்கப்படும். ஒரு பக்கம் நேர், மறுபக்கம் மறை என்று அது ஓர் இருமுனைவாகும். புலம் சீரானதாக இருந்தால் இரு முனைகளிலும் விசைகள் சமமாகி ஒன்றையொன்று நீக்கிவிடும். புலம் ஒரு பக்கம் செறிந்தும் மறுபக்கம் ஐதாகியும் இருந்தால் விசைகள் சமப்படா; பொருள் நகரும். (நமது பரீட்சை வினாக்களில் மின்புலம் ஏறத்தாழ எப்போதும் சீரானதாகவே வருகிறது. மாணவர்களுக்கு அது வசதிதான். சுவையான பகுதி மட்டும் விடுபட்டுப் போகிறது.) இந்த இயக்கத்தை மின்னுழைய நகர்வு, அதாவது டைஎலெக்ட்ரோபொரெசிஸ், என்பார்கள். 1951 இல் அப்பெயரை இட்டவர் ஹேர்பேர்ட் போல். 1966 இல் அவரும் அவருடன் பணியாற்றிய ஹோக் என்பவரும் உயிருள்ள மதுவக் கலங்களை, அதாவது ஈஸ்ற்றை, இறந்தவற்றிலிருந்து இம்முறையால் பிரித்துக் காட்டினார்கள்.

கலம் எந்தப் பக்கம் நகரும் என்பது கலத்தை மட்டும் பொறுத்ததல்ல. நீரில் போட்ட கல் தாழ்கிறது, நீருக்குள் ஊதிய காற்றுக்குமிழி மேலெழுகிறது. இரண்டிலும் வேலை செய்வது ஒரே ஈர்ப்புத்தான், திசையைத் தீர்மானிப்பது நீரோடு ஒப்பிட்ட அடர்த்தி. அதைப் போலவே, சூழ்ந்த திரவத்தைவிட எளிதாக முனைவாக்கப்படும் கலம் புலம் செறிந்த இடத்துக்கு, அதாவது மின்வாயின் கூரிய விளிம்புக்கு, இழுக்கப்படும். திரவத்தைவிடக் குறைவாக முனைவாக்கப்படும் கலம் அங்கிருந்து விலக்கப்படும். சமன்பாட்டில் இந்த ஒப்பீட்டைக் குறிக்கும் காரணி −0.5 இலிருந்து +1 வரையான பெறுமானத்தையே எடுக்கும். இழுப்பின் உச்சம் விலக்கலின் உச்சத்தைப் போல் இருமடங்கு என்பது இதிலிருந்து தெரிகிறது.

விசை புலத்தின் வர்க்கத்தைச் சார்ந்தது. ஆகவே புலத்தின் திசையை மாற்றினாலும் விசையின் திசை மாறாது. நேரோட்டத்துக்குப் பதிலாக, திசை மாறிமாறிப் பாயும் ஆடலோட்டத்தைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். செக்கனுக்கு எத்தனை தடவை திசை மாறி மீள்கிறது என்ற மீடிறன் போதியளவு உயர்ந்தால் நீர் பகுப்பும் குமிழியும் ஒழியும். இன்னொன்று, சாதனத்தை ஏன் இவ்வளவு சிறிதாக்க வேண்டும் என்பதற்கான விடையும் இதில் இருக்கிறது. அழுத்த வித்தியாசத்தை மாற்றாமல் மின்வாய்களின் இடைவெளியைச் சுருக்கினால், விசை அந்த இடைவெளியின் மூன்றாம் அடுக்குக்கு நேர்மாறாகக் கூடும். ஒரு மில்லிமீற்றர் இடைவெளியை 20 மைக்ரோமீற்றராக்கினால் விசை 125,000 மடங்காகிறது. ஆயிரக்கணக்கான வோல்ற்று கேட்ட வேலையைச் சாதாரண அலைபிறப்பாக்கி ஒன்றின் 10 வோல்ற்று செய்து முடிக்கிறது.

விசையின் அளவை மாணவர்களைக் கொண்டே கணிக்க வைத்தேன். 5 மைக்ரோமீற்றர் ஆரையுள்ள கலத்துக்கு, நீரின் மேலுதைப்பைக் கழித்தால், எஞ்சும் நிறை ஏறத்தாழ 0.3 பிக்கோநியூற்றன். அக்கலம் செக்கனுக்கு 100 மைக்ரோமீற்றர் வேகத்தில் நீரில் செல்லும்போது அதன் மேல் உஞற்றப்படும் பிசுக்குவிசை, ஸ்ரோக்சின் விதிப்படி, ஏறத்தாழ 9 பிக்கோநியூற்றன். 50 மைக்ரோமீற்றர் இடைவெளிக்கு 5 வோல்ற்று கொடுத்தால் மின்வாயின் அருகே கிடைக்கும் மின்னுழைய நகர்வு விசை 50 பிக்கோநியூற்றன் அளவில் வரும். ஓடும் நீரிலிருந்து கலத்தைப் பற்றி நிறுத்த இது போதும். ஆனால் பத்து மடங்கு வேகமாக ஓடும் நீரில் போதாது. இந்த வரம்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் வரும்.

இனி மீடிறன். கலம் என்பது கடத்தும் திரவம் ஒன்றை 10 நனோமீற்றருக்கும் குறைந்த தடிப்புள்ள காவலிப் படலத்தால் போர்த்திய பொருள். தாழ் மீடிறனில் அந்தப் படலம் புலத்தை உள்ளே விடாது. கலம் முழுவதும் காவலி போலவே நடந்துகொண்டு விலக்கப்படும். மீடிறனைக் கூட்டக் கூட்ட, கொள்ளளவி ஒன்று ஆடலோட்டத்தைக் கடத்துவது போல், மென்சவ்வு புலத்தை உள்ளே விடுகிறது. அப்போது புலத்துக்குத் தெரிவது கலத்தின் உள்ளே இருக்கும், அயன்கள் நிறைந்த குழியவுரு. சூழ்ந்த திரவம் அதைவிடக் குறைவாகக் கடத்தினால் கலம் இழுக்கப்படும். விலக்கல் இழுப்பாக மாறும் மீடிறன் மென்சவ்வின் கொள்ளளவத்தையும் கலத்தின் ஆரையையும் பொறுத்தது. மென்சவ்வு மடிப்பு மடிப்பாக இருக்கும் புற்றுக்கலங்களுக்கு அது குறைவு. வழுவழுப்பான நிணநீர்க்குழியங்களுக்கு அது கூடுதல். இறந்த கலத்தின் மென்சவ்வோ ஓட்டையானது. உள்ளிருந்த அயன்கள் வெளியே கசிந்துவிட்டதால், திரவத்திலிருந்து அதை வேறுபடுத்திப் பிடிக்கப் புலத்துக்கு ஏதும் இல்லை.

போலின் மதுவச் சோதனையின் எளிய வடிவத்தை வீட்டு மேசையில் செய்து பார்க்கலாம். எனாமல் பூசிய மெல்லிய செப்புக் கம்பிகள் இரண்டின் நுனிகளைச் சுரண்டி, நுணுக்குக்காட்டிக் கண்ணாடித் தட்டில் ஒரு தலைமயிர் அளவு இடைவெளி விட்டு ஒட்டினேன். பாண் பேக்கரிக்கு வாங்கும் மதுவ மணிகளை, பற்றரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரில் கழுவி எடுத்தேன். மதுவத்துக்குக் கலச்சுவர் இருப்பதால் அந்த நீரில் அது வெடிக்காது. ஒரு பகுதியைக் கொதிக்கவைத்துக் கொன்று, மெதிலீன் நீலம் ஊட்டி, மறுபடி கழுவி, உயிருள்ளவற்றோடு கலந்தேன். 1 மெகாஹேர்ட்சில், உச்சிக்கு உச்சி 20 வோல்ற்று கொடுத்ததும், நிறமற்ற மணிகள் தயங்கித் தயங்கிக் கம்பி நுனிகளை நோக்கி நகர்ந்தன. நுனியில் ஒட்டிக்கொண்ட ஒன்றின் முதுகில் இன்னொன்றாக ஏறி, புலக்கோடுகளின் வழியே மணிச்சரம் போல் நீண்டு, இரு நுனிகளுக்கும் இடையே பாலம் கட்டின. நீல மணிகளோ அந்தச் சரங்களுக்கு நடுவே திசையின்றி மிதந்துகொண்டிருந்தன. முத்துச்சரம் என்றே ஆய்வாளர்களும் இதைச் சொல்கிறார்கள். முனைவாக்கப்பட்ட கலங்கள் ஒன்றையொன்று தலையும் வாலுமாக ஈர்ப்பதால் அது உருவாகிறது.

அடுத்து, உப்புவெளிக் கடற்கரையோரக் கிணறொன்றின் உவர்நீரைத் தட்டின் ஓரத்தில் ஒரு துளி விட்டேன். அழுத்த வித்தியாசம் இறங்காமல் இருப்பதை அலைவுகாட்டியில் பார்த்துக்கொண்டேன். உவர்நீர் பரவப் பரவச் சரங்கள் நெகிழ்ந்தன; பாலத்தின் நடுப்பகுதி முதலில் அறுந்தது; பிறகு நுனிகளில் ஒட்டியிருந்தவையும் ஒவ்வொன்றாக மிதந்து போயின. கலங்கள் செத்துவிடவில்லை, மின்வாயும் மாறவில்லை. திரவத்தின் கடத்துதிறன் குழியவுருவின் கடத்துதிறனை நெருங்கியது, அவ்வளவுதான்.

இந்தத் துறையின் பெரிய தொல்லை இதுவே. குருதியின் திரவப்பகுதியும் உடற்றொழிலியல் உப்புநீரும் மீற்றருக்கு ஏறத்தாழ 1.5 சீமன்ஸ் கடத்துதிறன் உள்ளவை. குழியவுருவோ பொதுவாக அதைவிடக் குறைவு. ஆகவே எடுத்த குருதியை அப்படியே சில்லில் ஊற்றினால், வழக்கமான மீடிறன்கள் அனைத்திலும் எல்லாக் கலங்களும் விலக்கப்படவே செய்யும். அதனால் ஆய்வாளர்கள் முதலில் கலங்களைச் சுழற்றிக் கழுவி, 8.5 சதவீதச் சுக்குரோசும் 0.3 சதவீதக் குளுக்கோசும் கலந்த நீரில் இடுகிறார்கள். வெல்லம், அதாவது இந்தச் சீனி வகைகள், பிரசாரண அமுக்கத்தைப் பேணுவதால் செங்குருதிக் கலம் வெடிக்காது. அயன் இல்லாததால் மின் கடத்தாது. கட்டுரையின் செய்முறைப் பகுதியில் ஒரு வரியில் முடிந்துபோகும் இந்த வேலைக்கு ஒரு மையநீக்கியும் பயிற்சி பெற்ற ஒருவரும் அரை மணிநேரமும் வேண்டும். "ஒரு துளிக் குருதி போதும், கையடக்கச் சில்லு" என்று விளம்பரப்படுத்தும் படங்களில் அந்த மையநீக்கி ஒருபோதும் இடம்பெறுவதில்லை.

உப்பு இன்னொரு வகையிலும் வேலையைக் கெடுக்கும். தளத்தில் அருகருகே பதித்த இரு மின்வாய்களுக்கு மேல் வெப்பநிலை எவ்வளவு உயரும் என்பதை, கடத்துதிறனை அழுத்த வித்தியாசத்தின் வர்க்கத்தால் பெருக்கி, நீரின் வெப்பக் கடத்தாற்றின் எட்டு மடங்கால் வகுத்து மட்டிடலாம். 7 வோல்ற்றுக்கு, வெல்ல நீரில் அது 0.1 பாகை, உடற்றொழிலியல் உப்புநீரில் 15 பாகை. குளிரூட்டிய ஆய்வுகூடத்தில் 22 பாகையிலிருந்து 37 பாகைக்குப் போனால் கலம் மகிழ்ச்சியாகவே இருக்கும். சித்திரை மாதத்துத் திருகோணமலை அறையில் 32 பாகையிலிருந்து 47 பாகைக்குப் போனால் அது வெந்துவிடும்.

வெல்ல நீர் வெறும் வசதி மட்டுமல்ல என்பதற்கு மலேரியா நல்ல எடுத்துக்காட்டு. ஒட்டுண்ணி புகுந்த செங்குருதிக் கலத்தின் மென்சவ்வு வழமைக்கு மாறாக அயன்களைக் கசியவிடும். அயனற்ற நீரில் இட்டதும், தொற்றிய கலம் தன் அயன்களை விரைவாக இழக்க, தொற்றாத கலம் அவற்றைக் காத்துக்கொள்கிறது; உருவத்தில் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும் இரண்டும் மின்புலத்தின் முன் வெவ்வேறாகின்றன. ஹூஸ்ரனில் கஸ்கொயின் குழுவினர் 2002 இல் இதைக் கொண்டு தொற்றிய கலங்களைப் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். திருகோணமலையும் அதன் உட்பகுதிகளும் ஒரு காலத்தில் மலேரியாவுக்குப் பெயர்போனவை. 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாகச் சான்றளித்தது. வெளிநாடு சென்று திரும்புவோரிடம் மட்டும் அரிதாக அகப்படும் நோயாகிவிட்ட பின்னர், குருதிப்பூச்சில் ஒட்டுண்ணியை அடையாளம் காணும் கண்பழக்கம் குறைவது இயல்பு. அரிய கலங்களை ஓரிடத்தில் திரட்டித் தரும் சில்லுக்கு முன்னைவிட இப்போதுதான் தேவை கூடுதல்.

விலக்கலை மட்டுமே நம்பி உப்புநீரிலேயே வேலை செய்வோரும் இருக்கிறார்கள். மின்புலத்தின் உச்சம் எப்போதும் மின்வாயின் மேற்பரப்பிலேயே அமையும். வெறும் திரவத்தின் நடுவே உச்சத்தை உண்டாக்க முடியாது. ஆனால் இழிவை, அதாவது புலம் மிகக் குறைந்த இடத்தை, உண்டாக்கலாம். நாற்புறமும் மின்வாய்களை வைத்து நடுவே ஓர் இழிவை அமைத்தால், விலக்கப்படும் கலம் எதையும் தொடாமல் அந்தக் கூட்டுக்குள் அந்தரத்தில் நிற்கும். மின்வாய்களை வரிசை வரிசையாகப் பதித்து, ஊட்டும் மின்னழுத்தத்தை முறையாக மாற்றினால், கூடு ஒவ்வோர் அடியாக நகரும். உள்ளே இருக்கும் கலமும் கூடவே போகும். இத்தாலியின் பொலோஞ்ஞாவில் உருவான டெப்அரே என்ற சாதனம் இப்படியே தனிக் கலங்களைப் பொறுக்கி எடுக்கிறது. பொறியியலில் எனக்கு மிகவும் பிடித்தது இது. விலையைக் கேட்டால் மட்டும் பிடிக்காது.

புற்றுக்கலங்களைக் குருதியிலிருந்து பிரிப்பதைப் பற்றி எழுதப்படும் உற்சாகமான செய்திகளை நான் கொஞ்சம் ஐயத்தோடுதான் படிக்கிறேன். 1995 இலேயே மார்பகப் புற்றுக்கலங்களைக் குருதிக் கலங்களிலிருந்து இம்முறையால் பிரித்துக் காட்டினார்கள். கொள்கையில் குறை இல்லை. ஒரு மில்லிலீற்றர் குருதியில் ஏறத்தாழ 500 கோடி செங்குருதிக் கலங்கள் இருக்க, தேடப்படும் புற்றுக்கலங்களோ சில மட்டுமே. முன்னர் கணித்த 50 பிக்கோநியூற்றன் விசை வேகமான பாய்ச்சலில் தாக்குப்பிடிக்காததால், ஒடுங்கிய கால்வாயொன்று நிமிடத்துக்குச் சில மைக்ரோலீற்றர் அளவிலேயே ஓட வேண்டும். நிமிடத்துக்கு 10 மைக்ரோலீற்றர் என்று வைத்தாலும் 10 மில்லிலீற்றர் குருதி முடிய 16 மணிநேரத்துக்கு மேலாகும். கால்வாயை அகலமாக்கியும் பலவாக்கியும் இதைக் குறைக்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு செய்தியிலும் நான் முதலில் தேடுவது நிமிடத்துக்கு எத்தனை மைக்ரோலீற்றர் என்பதைத்தான்.

மென்சவ்வைத் திறக்கும் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மெதுவாக மாறும் புலத்தில் மென்சவ்வின் குறுக்கே எழும் மின்னழுத்தம், புலத்தை ஆரையால் பெருக்கி மேலும் ஒன்றரையால் பெருக்கினால் கிடைப்பது. 5 மைக்ரோமீற்றர் ஆரைக்கு, மீற்றருக்கு ஒரு இலட்சம் வோல்ற்று என்ற புலத்தில் அது 0.75 வோல்ற்று, அந்தளவில் மென்சவ்வில் நுண்துளைகள் திறக்கும். அத்துளைகளூடாகப் பரம்பரையலகைப் புகுத்தலாம் என்பது 1982 இல் காட்டப்பட்டது. 2023 இல் பிரித்தானியாவில் தலசீமியாவுக்கும் அரிவாட்கல நோய்க்கும் அனுமதிக்கப்பட்ட காஸ்ஜெவி சிகிச்சையிலும், நோயாளியின் குருதி மூலக்கலங்களுக்குள் பரம்பரையலகைத் திருத்தும் கருவி இவ்விதமே செலுத்தப்படுகிறது. அதே வலிமையுள்ள புலம் மெகாஹேர்ட்சுகளில் கலத்தைக் கிழிக்காமல் நகர்த்த மட்டும் செய்வது ஏனென்றால், மென்சவ்வு ஏற்றம் பெற்று முடிவதற்குள் திசை மாறிவிடுகிறது.

மீண்டும் உப்புக்கு வருகிறேன். மையநீக்கி இல்லாமல், சில்லுக்குள்ளேயே குருதியின் உப்பைக் களைய ஒரு வழி இருக்கிறது. நுண்கால்வாயில் கொந்தளிப்பு இல்லை. இரண்டு திரவங்களை அருகருகே விட்டால் அவை கலக்காமல் அருவிக்கோட்டு ஓட்டமாகச் செல்லும், எல்லையைத் தாண்டுவது பரவலால் மட்டுமே. குருதியை ஒரு பக்கமும் வெல்ல நீரை மறுபக்கமும் விட்டால், சோடியம் அயன் 50 மைக்ரோமீற்றர் தூரம் பரவ ஏறத்தாழ ஒரு செக்கன் போதும். 5 மைக்ரோமீற்றர் ஆரையுள்ள கலம் அதே தூரம் பரவ ஏறத்தாழ எட்டு மணிநேரம் வேண்டும். உப்பு வெளியேறிவிடும், கலம் தன் வழியில் நிற்கும். கால்வாயின் கீழ்ப்பகுதியில் கடத்துதிறன் போதியளவு இறங்கிய இடத்தில் சாய்வான மின்வாய் ஒன்றை வைத்தால், வேண்டிய கலத்தை அது வெல்ல நீரின் பக்கம் ஒதுக்கித் தரும். இதற்குப் பம்பி கூடத் தேவையில்லை. இரண்டு சிறு போத்தல்களை மேசைக்கு மேல் ஓர் அடி உயரத்தில் தொங்கவிட்டு, பாய்ச்சலை அவற்றின் உயரத்தை மாற்றியே சீராக்கலாம். அடுத்து மதுவத்தையும் உவர்நீரையும் கொண்டு இதைத்தான் செய்து பார்க்க இருக்கிறேன். கால்வாய்க்கு, கண்ணாடித் தட்டுகள் இரண்டுக்கு நடுவே இருபுறமும் ஒட்டும் ரேப்பை வெட்டி வைத்தாலே ஏறத்தாழ 100 மைக்ரோமீற்றர் ஆழம் கிடைத்துவிடுகிறது.